ஆறு மாதச் சம்பாத்தியம், பன்னிரண்டு மாதச் சாப்பாடு

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது குடும்ப வருமானம் எவ்வளவு என்று கேட்பார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லிவிடுவார். பனையேறி என்ன சொல்வார்? பங்குனி மாதத்துக் கணக்கா, கார்த்திகை மாதத்துக் கணக்கா? நடுவில் ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வருவார், அந்தத் தொகையை வைத்து அவர் வீட்டு நிலவரத்தைப் பாதிகூடக் கண்டுபிடிக்க முடியாது.

பருவ வேலை என்றால் வருஷத்தில் சில மாதம் மட்டும் இருக்கிற வேலை, அவ்வளவுதான். மழை, வெயில், காற்று, அணைத் தண்ணீர், திருவிழா, பண்டிகை என்று ஏதாவது ஒன்று அந்த வேலையைத் தொடங்கி வைக்கும், இன்னொன்று முடித்து வைக்கும். வேலை செய்பவருக்கு அதில் எந்தப் பிடியும் இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே என்று தோன்றலாம். ஆனால் ‘ஏழைக் குடும்பம்’ என்றதும் நாம் கூலி குறைவு என்பதை மட்டுமே நினைக்கிறோம், அந்தக் கூலி எந்த மாதத்தில் வருகிறது என்பதை யோசிப்பதில்லை. கூலி குறைவு ஒரு கஷ்டம். அது ஒரே நேரத்தில் மொத்தமாக வந்துவிட்டு அப்புறம் மாதக்கணக்கில் வராமல் போவது தனிக் கஷ்டம், அதற்குத் தனியாக ஒரு செலவும் இருக்கிறது. இந்தக் கட்டுரையே அந்தச் செலவைப் பற்றித்தான்.

முதலில் நம்ம பக்கத்து வருஷத்தைப் பார்த்துவிடலாம். நெல்லைச் சீமை என்று பழைய கணக்கிலேயே சொல்கிறேன், தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டமாகப் போனாலும் கூலிக்குப் போகிறவர்களுக்கு இது ஒரே வட்டாரம்தான்.

தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம், காரும் பிசானமும். பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் மாதம் காருக்குத் திறப்பார்கள், ஆவணி புரட்டாசியில் அறுப்பு. பிசானம் ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி பங்குனியில் அறுப்பு. நடவுக்கும் களைக்கும் ஆள் வேண்டும், அப்புறம் கதிர் முற்றும்வரை பெரிதாக வேலை இல்லை. முன்பு அறுப்புக்கு ஊரே வயலில் இறங்கும், கூலியை நெல்லாகவே கொத்து அளப்பார்கள், அந்த நெல் குலுக்கை என்கிற மண் குதிரில் கிடந்து இரண்டு மூன்று மாதம் பசியாற்றும். இப்போது அறுப்பு மிஷின் வந்துவிட்டது, நாள்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிகிறது. சித்திரை வைகாசியில் வயல் காய்ந்து கிடக்கும், வயல் கூலிக்காரருக்கு அதுதான் கையில் காசு வராத முடைக்காலம். அணையில் தண்ணீர் இல்லாமல் கார் சாகுபடி விட்டுப்போன வருஷம் என்றால் அந்த முடை ஐப்பசி வரைக்கும் நீளும்.

இதற்கு நேர் எதிர் செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கம். அங்கே பதநீர் மாசி பங்குனியில் இறங்கத் தொடங்கி ஆடி ஆவணியோடு நிற்கும், அதாவது வயல்காரருக்கு முடையான சித்திரை வைகாசிதான் பனைக்காரருக்கு உச்சம். தூத்துக்குடி உப்பளமும் வெயிலை நம்பியதுதான், ஐப்பசி மழை விழுந்தால் பாத்தி கரைந்து வேலை நின்றுபோகும். கடலில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துண்டுக் கடை, எண்ணெய்க் கடை, பழக்கடை, ஆட்டோ, லாட்ஜ் எல்லாவற்றுக்கும் சீசன், அருவியில் தண்ணீர் வரவில்லை என்றால் அத்தனை பேருக்கும் அந்த வருஷம் போச்சு. செங்கல் சூளை தை மாதத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும், மழை தொடங்கும்வரை ஓடும். காருகுறிச்சியில் பானை வனைபவர்களுக்குப் பொங்கல்.

கலைஞர்களையும் இதில் சேர்க்க வேண்டும், பலர் சேர்ப்பதே இல்லை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம் எல்லாம் கோயில் கொடையை நம்பிப் பிழைக்கிற தொழில்கள், கொடை பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி ஆவணிக்குள் வரும். அந்த நாலைந்து மாதத்தில் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து ஆடிப் பாடிச் சம்பாதித்ததில்தான் மார்கழியில் அரிசி வாங்க வேண்டும். 2020-ல் மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது சில மாதம் போனது, நையாண்டி மேளக்காரருக்கோ ஒரு வருஷமே போனது, ஏனென்றால் அவருடைய வருஷமே அந்த மாதங்கள்தான்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். இது நான் விளக்கத்துக்காகப் போடுகிற கணக்கு. இரண்டு குடும்பம், இரண்டுக்கும் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய். முதல் குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய் ஒழுங்காக வருகிறது. இரண்டாவது குடும்பத்துக்கு ஆறு மாதம் 17,000 ரூபாய் வீதமும் மீதி ஆறு மாதம் 3,000 ரூபாய் வீதமும் வருகிறது. இரண்டு வீட்டுக்கும் இழுத்துப் பிடித்தால் மாதச் செலவு 8,500 ரூபாய். முதல் வீட்டில் வருஷக் கடைசியில் 18,000 ரூபாய் மிஞ்சும். இரண்டாவது வீட்டிலும் அதே 18,000 மிஞ்ச வேண்டும், கூட்டிக் கழித்தால் அப்படித்தான் வருகிறது.

ஆனால் வருஷம் முடைக்காலத்தில் தொடங்குகிறது என்று வையுங்கள். மாதம் 5,500 ரூபாய் துண்டு விழும், ஆறு மாதத்தில் 33,000. கையில் முன்சேமிப்பு இல்லை, அஞ்சு வட்டிக்கு வாங்குகிறார்கள், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் அஞ்சு ரூபாய். முடைக்காலம் முடியும்போதே வட்டி மட்டும் 5,775 ரூபாய் ஏறியிருக்கும். அப்புறம் சீசன் வந்து, மாதம் மிஞ்சுகிற 8,500 ரூபாயை அப்படியே கடனுக்குக் கொடுத்தாலும், அடைத்து முடிக்க ஆறாவது மாதம் ஆகிவிடும், மொத்த வட்டி ஏறக்குறைய 12,000 ரூபாய். கடைசியில் கையில் நிற்பது 6,000 ரூபாய் சொச்சம். வருமானம் ஒன்று, செலவு ஒன்று, குடியில்லை, ஊதாரித்தனம் இல்லை, ஆனாலும் 12,000 ரூபாய் குறைகிறது. அந்த 12,000 ரூபாய்தான் நான் மேலே சொன்ன தனிச் செலவு. இதில் ஒரு காய்ச்சலோ ஒரு சடங்குச் செலவோ சேர்ந்தால் அந்த ஆறாயிரமும் இருக்காது, அடுத்த முடைக்காலம் பழைய கடனோடு தொடங்கும்.

‘சீசனில் சேர்த்து வைக்கலாமே’ என்று கேட்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சீசன் பணம் வரும்போது அதற்கு முன்னால் கடன்காரர் நிற்கிறார். சேமிப்பு என்பது கடன் அடைந்த பிறகு வருகிற பேச்சு.

அஞ்சு வட்டி என்றதையே நான் கொஞ்சம் நாகரிகமாகத்தான் வைத்திருக்கிறேன். பத்து வட்டி உண்டு, நேரம் போகப் போக ஏறுகிற மீட்டர் வட்டி உண்டு. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் கந்துவட்டிக் கொடுமையால் குழந்தைகளோடு தீயில் கருகியது. சட்டம் இருந்தும் வட்டிக்காரர் வாசலில் ஏன் கூட்டம் குறையவில்லை என்றால், முடைக்காலத்தில் கேட்ட அன்றைக்கே கையில் பணம் தருகிறவர் அவர் ஒருவர்தான்.

இனி சின்ன ஊர் விஷயம். பெரிய நகரத்தில் ஒருவருக்கு வேலை போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை இருக்கும், கைமாற்றாக ஐநூறு ஆயிரம் வாங்கிச் சமாளிக்கலாம். நாற்பது வீடு இருக்கிற ஒரு பனையேறிக் குடியிருப்பில் நாற்பது வீட்டுக்கும் ஒரே மாதத்தில்தான் கை வறளும். யாரிடம் கேட்பது? நகையை அடகு வைக்கிறவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் வைப்பார்கள், ஆட்டை விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், அதனால் ஆட்டுக்கும் விலை கிடைக்காது. ஊரோடு சேர்ந்து வருகிற கஷ்டத்தில் ஊரின் உதவி கிடைக்காமல் போகிறது. பருவ வேலையில் எனக்கு ரொம்பக் கொடுமையாகப் படுவது இந்த இடம்தான்.

அப்போது ஊருக்கு இருக்கிற ஒரே தாங்கல் அண்ணாச்சி கடை. அங்கே ஒரு பற்று நோட்டு இருக்கும், வீட்டுக்கு ஒரு பக்கம். அரிசி ரேஷனில் கிடைத்துவிடும் என்பதால் இந்தப் பக்கங்களில் அரிசி அதிகம் இருக்காது, புளி, வற்றல், எண்ணெய், சோப்பு, டீத்தூள், வெற்றிலை, பிள்ளைகளுக்குப் பேனா என்றுதான் ஓடும். ‘பதநி இறங்கட்டும் அண்ணாச்சி, தந்திருதேன்’ என்பது அங்கே வாக்குமூலம் மாதிரி, அதை நம்பித்தான் அவர் கொடுக்கிறார். அவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அவரும் டவுனில் மொத்தக் கடையில் கடன் சொல்லித்தான் சரக்கு எடுத்திருப்பார். ஊரில் ஐந்து மாதம் பணம் புழங்காவிட்டால் அவர் பக்கமும் சிவப்பாகும், சரக்கு குறையும், கடனில் வாங்குகிறவர்களுக்கு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் கூட்டிப் போடுவார். அதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை, வட்டிக்காரரோடு ஒப்பிட்டால் அண்ணாச்சி தெய்வம். டீக்கடைக்கும், சைக்கிள் கடைக்கும், தையல்காரருக்கும் இதே கதிதான். அவர்கள் யாரும் பனை ஏறுவதில்லை, ஆனாலும் அவர்களுக்கும் பனையின் சீசன்தான் சீசன்.

முன்பணம் என்று ஒன்று இருக்கிறது, அட்வான்ஸ் என்றே சொல்வார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பனையையே எடுத்துக்கொள்ளலாம். பனையேறி விடியுமுன் இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார், காலில் தளைநார். ஒவ்வொரு மரத்திலும் ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தில் இறங்கியிருக்கும் பதநீரை ஊற்றிக்கொண்டு, உட்புறம் சுண்ணாம்பு தடவி மறுபடி கட்டிவிட்டு இறங்க வேண்டும். சாயங்காலம் மறுபடியும் ஏறிச் சீவ வேண்டும். தினமும் சீவாவிட்டால் பாளை வற்றிப்போகும், அதனால் சீசனில் லீவு என்ற பேச்சே கிடையாது, காய்ச்சலாகக் கிடந்தால் அந்த நாலு நாளோடு அந்தப் பாளைகளும் போச்சு. கீழே விடிலி என்கிற காய்ச்சும் குடிசையில் வீட்டுப் பெண்கள் அந்தப் பதநீரை அடுப்பில் ஏற்றி, புகையில் கண் எரிய மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார்கள்.

இப்போது கருப்பட்டியின் விலையைப் பாருங்கள். சீசனில் எல்லா விடிலியிலும் கருப்பட்டி இருக்கும், விலை கீழே கிடக்கும். மழைக்காலத்தில் புதுச் சரக்கு வராது, விலை ஏறும். கருப்பட்டியைப் பக்குவமாக உலர்த்திப் பரணில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, ஆக வைத்திருந்து விற்றால் லாபம் என்பது பனையேறிக்கும் தெரியும், யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் போன கார்த்திகையில் வீட்டில் முடை வந்தபோது வியாபாரி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். பேச்சு என்னவென்றால், சீசனில் காய்ச்சுகிற கருப்பட்டி அவருக்குத்தான், அவர் சொல்கிற விலையில்தான். வட்டி என்ற வார்த்தையே அங்கே வராது, அந்த விலையில்தான் வட்டி ஒளிந்திருக்கிறது. மழைக்காலத்து நல்ல விலை வியாபாரியின் குடோனுக்குப் போகிறது.

செங்கல் சூளையில் இதே அட்வான்ஸ் இன்னும் கடுமை. மழைக்காலத்தில் குடும்பமாகப் பணம் வாங்கிக்கொண்டு, சூளைக்கே குடிபோய், மண் மிதித்துக் கல் அறுத்துக் கழிக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியில் அட்வான்ஸுக்குப் பிடித்தது போகத்தான் கையில் கிடைக்கும், சீசன் முடியும்போது கணக்கு நேராகவில்லை என்றால் அடுத்த சீசனுக்கும் அங்கேயே. வாங்கிய கடனுக்காக ஒருவரை வேறு எங்கும் போக விடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். எல்லா அட்வான்ஸும் கொத்தடிமைத்தனம் ஆகிவிடாது, ஆனால் பல கொத்தடிமைக் கதைகளின் முதல் பக்கத்தில் மழைக்காலத்து அட்வான்ஸ் ஒன்று இருக்கும். பிள்ளைகளும் கூடவே போவதால் பள்ளிக்கூடம் நடு வருஷத்தில் அறுந்துபோவது வேறு.

இதையெல்லாம் குடும்பங்கள் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் பனை, ஒருவர் வயல், ஒருவர் கேரளாவில் கட்டட வேலை, இரண்டு ஆடு என்று பிரித்து வைத்துக்கொள்வதே ஒரு சாமர்த்தியம், ஒன்றின் முடை இன்னொன்றின் சீசனில் விழ வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் நடுத்தூண் பீடி. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மத்தியான நேரத்தில் நடையில் உட்கார்ந்து, மடியில் சொளவை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி குறைவுதான், புகையிலைத் தூசியில் இருமல், குனிந்தே இருந்து கழுத்து வலி, கடையில் சரியில்லை என்று கழித்துவிடுகிற பீடிக்கு வாய் திறக்க முடியாது. இருந்தும் ஏன் விடுவதில்லை? மழையானாலும் வெயிலானாலும் வாரத்துக்கு வாரம் ஏதோ ஒரு தொகை வீட்டுக்குள் வந்துவிடும். கூலியை மட்டும் பார்த்து ‘இதுக்குப் போயா’ என்று கேட்கிறவர்களுக்கு ஐப்பசியில் அந்தத் தொகையின் மதிப்பு தெரியாது.

அரசுத் திட்டங்களையும் இதே கண்ணால் பார்த்தால் சில விஷயம் துலங்கும். தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம், முடைக்காலத்தில் அடுப்பு அணையாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம். 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு, பிள்ளைகளின் ஒரு வேளைச் சாப்பாட்டை அப்பாவின் சீசனிலிருந்து பிரித்து எடுத்தது, இப்போது காலைச் சாப்பாடும் சேர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் பெரிய பணமா என்றால் இல்லை, ஆனால் எல்லா மாதமும் வருகிறதே, அதில்தான் அதன் பலம் இருக்கிறது. பருவ வேலைக் குடும்பத்தில் தேதி தெரிந்த ஆயிரம், தேதி தெரியாத இரண்டாயிரத்தைவிட உதவும் என்றே நான் சொல்வேன்.

முடைக்காலத்தைக் குறிவைத்தே சில திட்டம் உண்டு. மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கிறார்கள், 2023-ல் அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். மீனவர் சேமிப்புத் திட்டத்தில் அவர் கட்டுகிற 1,500 ரூபாயோடு மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ரூபாயாக மீன்பாடு குறைந்த மாதங்களில் திருப்பித் தருகிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது, சீசனில் கொஞ்சம் எடுத்து முடையில் கொடு என்பதைத் திட்டமாகவே செய்திருக்கிறார்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கும் மழைக்காலத்தில் 5,000 ரூபாய் வருகிறது. கடலுக்கும் உப்புக்கும் இது முடிந்ததற்கு ஒரு காரணம், வேலை நிற்கிற நாளை அங்கே காலண்டரில் வட்டம் போட்டுக் காட்ட முடியும். வயல் கூலிக்காரருக்கு முடை எப்போது தொடங்குகிறது? அணையைக் கேட்க வேண்டும்.

அவர்களுக்கு என்று இருந்தது நூறு நாள் வேலை. 2005-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு கிராமக் குடும்பத்துக்கு வருஷத்தில் நூறு நாள் வேலை என்றது, 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேறியது. நூறு நாள் வேலை குளம், கால்வாய், வரப்பு என்று பெரும்பாலும் மண் வேலைதான். மண் வேலை என்றால் குளம் வறண்டிருக்க வேண்டும், அதனால் சித்திரை வைகாசியில் அது வயல்காரருக்குச் சரியாகப் பொருந்தியது. பனைக்காரருக்கும் உப்பளத்தாருக்கும் முடையே மழையில்தான், அப்போது குளத்தில் தண்ணீர் நிற்கும், எங்கே போய் வெட்டுவது? திட்டம் ஒன்றுதான், ஒரு ஊருக்குச் சரியான மாதத்தில் வந்தது, பதினைந்து மைல் தள்ளி இன்னொரு ஊருக்குத் தப்பான மாதத்தில் வந்தது. பஞ்சாயத்தில் மழைக்காலத்துக்கு என்று மரக்கன்று நடுகிற வேலை, நாற்றங்கால் வேலை மாதிரி எதையாவது ஒதுக்கி வைக்கச் சொல்லிக் காந்தி ஜெயந்தி கிராமசபையில் கேட்கலாம்.

கடன் கொடுக்கிற முறையிலும் இதே கோளாறு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகிறவருக்கு அறுப்பு முடிந்து கட்டுகிற மாதிரிக் கெடு கொடுக்கிறார்கள், நாள் தவறாமல் கட்டினால் வட்டியும் இல்லை. சீசன் என்றால் என்ன என்பது அந்தக் கடனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அது நிலம் வைத்திருப்பவருக்கு, அல்லது அடங்கல் என்கிற பயிர்ச் சான்று வாங்க முடிந்தவருக்கு. அதே வயலில் நடவு நட்ட பெண்ணுக்குக் கிடைப்பது குழு லோன், வாரம் தவறாமல் தவணை, ஐப்பசியானாலும் பங்குனியானாலும் செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார், ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவே சேர்ந்து கட்ட வேண்டும். அந்தத் தவணைக்காக அஞ்சு வட்டிக்கு வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். சீசன் மாதத்தில் தவணையைக் கூட்டிக்கொண்டு முடை மாதத்தில் வட்டி மட்டும் வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கடனை மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்களுக்குள் சுற்றுகிற உள்கடனிலேயே செய்து பார்க்கலாம், அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம், குழுவின் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.